சேஃப்டி ஆபீசர் ஆக முதலில் எதைப் படிக்க வேண்டும்?

நீங்கள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவர். வீடு மும்பை செம்பூரில். தலோஜாவில் மருந்து மூலப்பொருள் செய்யும் ஒரு பல்க் டிரக் கம்பெனியின் கியூசி லேபில், அதாவது தரக்கட்டுப்பாட்டில், இரண்டு வருடமாக வேலை. சேஃப்டி பக்கம் மாற ஆசை. நெபோஷ் என்ற பாதுகாப்புச் சான்றிதழும் ஒரு டிப்ளமோவும் சேர்த்து ஆறே மாதத்தில் முடித்துத் தருகிறோம், வேலைக்கும் நாங்களே பொறுப்பு என்று ஒரு இன்ஸ்டிட்யூட் சொல்கிறது. பணம் கட்டலாமா? பெண்பிள்ளைக்கு இது சரிப்பட்டு வருமா என்று அப்பா யோசிக்கிறார். உங்கள் கேள்வியின் சாரம் இதுதானே.

இப்போதைக்குக் கட்டாதீர்கள். சர்ட்டிஃபிகேட்டை வாங்கிவிட்டால் வேலை வரும், வேலை வந்தால் அனுபவம் தானாக வரும் என்று நினைத்துத்தான் முக்கால்வாசிப் பேர் இந்தத் தொழிலுக்குள் வருகிறார்கள். நம் சட்டம் அப்படி யோசிப்பதில்லை. ஆலைக்குள் நின்று எத்தனை வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அது உங்கள் பட்டயத்தைக் கையில் எடுக்கும். வேலை தருகிற நல்ல கம்பெனிகளும் அப்படித்தான்.

சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 40பி என்று ஒரு பிரிவு. 1000 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையிலும், ஆள் குறைவாக இருந்தாலும் ஆபத்து அதிகம் என்று மாநில அரசு அறிவித்த ஆலையிலும் சேஃப்டி ஆபீசர் இருந்தே ஆக வேண்டும் என்றது அது. யாரை நியமிக்கலாம் என்பதை மாநில விதிகளிடம் விட்டுவிட்டது. மகாராஷ்டிராவில் அந்த விதிகள் 1982இல் வந்தன. மாநிலத்துக்கு மாநிலம் வாசகம் கொஞ்சம் மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான். எஞ்சினியரிங் பட்டதாரி என்றால் ஆலையில் மேற்பார்வைப் பொறுப்பில் 2 வருட அனுபவம் வேண்டும். எஞ்சினியரிங் டிப்ளமோ என்றாலோ, உங்களைப் போல இயற்பியல் அல்லது வேதியியல் பட்டம் என்றாலோ, 5 வருடம். அதற்குமேல் அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம் ஒன்று. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பேசும் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை யாரும் கவனிப்பதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பாதுகாப்புக்கான 2020ஆம் ஆண்டுத் தொகுப்பும் அவற்றில் ஒன்று. அதன்படி சாதாரண ஆலையில் 500 பேர், ஆபத்தான செயல்முறை நடக்கும் ஆலையில் 250 பேர், கட்டுமானத்தில் 250 பேர், சுரங்கத்தில் 100 பேர் இருந்தாலே சேஃப்டி ஆபீசர் கட்டாயம். கட்டுமானத்துக்கு முன்பு 500 என்று இருந்ததைப் பாதியாக்கியிருக்கிறார்கள். வேலை தேடுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. இந்தத் தொகுப்புக்கு ஏற்ப மாநிலங்கள் விதிகளைத் திருத்தும் காலம் இது. அதனால் யாரோ அனுப்பிய பழைய பிடிஎஃபை நம்பாமல், விண்ணப்பிக்கும் சமயத்தில் மகாராஷ்டிரத் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்குநரகத்தின் தளத்தையே திறந்து பாருங்கள். டிஷ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

இனி உங்கள் கதைக்கு வருவோம். கியூசி லேபில் கழித்த இரண்டு வருடம் மேற்பார்வை அனுபவமாகக் கணக்கில் ஏறுவது கஷ்டம். உங்கள் கீழே யாரும் இல்லை, கையில் இருப்பது சாம்பிள் பாட்டில். சேஃப்டிக்கு வர வேண்டும் என்று மனதார நினைத்தால் முதல் வேலை, உங்கள் கம்பெனியிலேயே புரொடக்ஷனுக்கு மாற்றல் கேட்பது. ஷிஃப்ட் கெமிஸ்ட்டாகப் போங்கள். ரியாக்டர் சார்ஜ் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். சென்ட்ரிஃப்யூஜை இறக்குகிறவர்களோடு, டிரையரைக் காலி செய்கிறவர்களோடு ஒரு மழைக்காலத்தைத் தள்ளுங்கள். எட்டுப் பத்து ஆபரேட்டர்கள் உங்கள் சொல்லைக் கேட்டு வேலை செய்யும் நிலை வந்த நாளிலிருந்துதான் அந்த ஐந்து வருடக் கணக்கு ஓடத் தொடங்கும்.

கம்பெனியை விட்டுக் கிளம்பும்போது அனுபவச் சான்றிதழின் வாசகத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'கெமிஸ்ட்டாகப் பணிபுரிந்தார்' என்று ஒற்றை வரியில் எழுதித் தருவது எச்ஆரின் பழக்கம். எந்தத் துறை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மேற்பார்வைப் பொறுப்பு, கீழே எத்தனை பேர் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். தகுதியெல்லாம் இருந்தும் இந்த ஒரு காகிதத்தால் நியமனம் இழுபட்டவர்களை எனக்குத் தெரியும். பழைய கம்பெனியோ மூடிப்போயிருக்கும். யாரிடம் போய்த் திருத்தி வாங்குவது?

இப்போது படிப்பு. மும்பையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி. இந்தத் துறையின் தாய்வீடே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், சயானில் இருக்கிறது. ஆலைப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான டிஜிஃபாஸ்லியின் தலைமையகமும், அதன் கீழ் வரும் மத்திய தொழிலாளர் நிறுவனமும் அங்கேதான். தொழிலகப் பாதுகாப்பில் ஓராண்டு உயர் பட்டயம், சுருக்கமாக அடிஸ், அங்கே நடக்கிறது. சென்னை தரமணியிலும், ஃபரீதாபாத், கான்பூர், கொல்கத்தா ஆகிய ஊர்களிலும் மண்டல நிறுவனங்கள் உண்டு. மகாராஷ்டிர மாநிலத் தொழில்நுட்பக் கல்வி வாரியமும் இதே பெயரில் பட்டயம் தருகிறது; அதை நடத்தும் கல்லூரிகள் மும்பையைச் சுற்றிலும் இருக்கின்றன. விளம்பரத்தில் 'அடிஸ்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த வாரியத்தின் சான்றிதழ், இந்த வருடம் அந்தக் கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா என்று வாரியத்தின் பட்டியலிலேயே தேடுங்கள். ஆறு மாதத்தில் டிப்ளமோ என்று சொல்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை டிஷ் ஒப்புக்கொள்ளுமா, எழுத்தில் தருவீர்களா? பேச்சு அங்கேயே வேறு பக்கம் திரும்பிவிடும்.

நெபோஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பிரிட்டனின் சான்றிதழ். சர்வதேசப் பொதுச் சான்றிதழில் இரண்டு பகுதி. ஒன்று புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வு, மற்றது ஒரு வேலையிடத்தை நீங்களே சுற்றிப் பார்த்து எழுதும் இடர் மதிப்பீடு. வளைகுடாவுக்குப் போக நினைத்தால் அது இல்லாமல் காரியம் ஆவது கஷ்டம். பன்னாட்டு கம்பெனிகளின் ப்ராஜெக்ட் சைட்டுகளிலும் கேட்பார்கள். ஆனால் இந்திய ஆலையில் சட்டப்படியான சேஃப்டி ஆபீசர் நாற்காலிக்கு அது அடிஸுக்கு மாற்றாகாது. இரண்டு மூன்று வருடம் களத்தில் நின்றுவிட்டு அதைப் படித்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் உங்களிடமே உதாரணம் இருக்கும். இப்போது படித்தால் மனப்பாடம்தான். பிரிட்டனின் ஐஓஎஸ்எச் வகுப்பு, அமெரிக்க முறையிலான முப்பது மணி நேர ஓஷா வகுப்பு எல்லாம் ரெஸ்யூமேவுக்குக் கூடுதல் வரிகள், அவ்வளவுதான். தேசியப் பாதுகாப்புக் குழுமத்தின் தலைமையகம் சிபிடி பேலாப்பூரில் இருக்கிறது, தலோஜா போகிற உங்களுக்கு வழிதான். அங்கே இரண்டு மூன்று நாள் வகுப்புகள் அவ்வப்போது நடக்கும். அந்தக் குழுமம் 1966 மார்ச் 4இல் தொடங்கப்பட்டது. ஆலை கேட்டில் வருடாவருடம் மார்ச் முதல் வாரத்தில் பேனர் கட்டி உறுதிமொழி எடுப்பது அதனால்தான்.

இத்தனையும் சட்டம் கட்டாயமாக்கிய அந்த ஒரு பதவிக்கு. அதற்கு வெளியே இஎச்எஸ் (சுற்றுச்சூழல், சுகாதாரம், பாதுகாப்பு) எக்ஸிக்யூட்டிவ், சேஃப்டி சூப்பர்வைசர், காண்டிராக்டரின் சேஃப்டி ஸ்டீவர்ட் என்று கூட்டம் கூட்டமாக வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஐந்து வருடக் கணக்கைச் சட்டம் கேட்பதில்லை. சம்பளம் தொடக்கத்தில் சுமார்தான், லேபைவிடப் பிரமாதமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரு கெமிஸ்ட்டுக்கு மட்டும் திறக்கிற ஒரு வாசல் இந்தத் துறையில் இருக்கிறது. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

உங்கள் லேபில் ஆவிக் கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் ரெசிடுவல் சால்வென்ட், அதாவது மருந்தில் தங்கிவிட்ட கரைப்பான், பார்ப்பீர்கள், இல்லையா? மருந்தில் டொலுவீன் என்ற கரைப்பான் 890 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 890 பங்கை) தாண்டினால் பேட்சை நிறுத்திவிடுவீர்கள். அதே டொலுவீனை ரியாக்டர் மேன்ஹோல் பக்கத்தில் நின்று எட்டு மணி நேரம் சுவாசிக்கிற ஆபரேட்டரின் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் கம்பெனியில் யாராவது அளந்திருக்கிறார்களா? அளப்பது எப்படி என்று சொல்கிறேன். இடுப்பில் ஒரு சிறிய பம்ப், சட்டைக் காலரில் கரித்தூள் அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய். மூக்குக்குப் பக்கத்துக் காற்று ஷிஃப்ட் முழுக்க அந்தக் குழாய் வழியே போகும், டொலுவீன் கரியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கார்பன் டைசல்ஃபைடு ஊற்றிப் பிரித்தெடுத்து கேஸ் குரோமட்டோகிராஃபில் விட வேண்டும். கடைசிப் பாதி உங்கள் தினசரி வேலை. முதல் பாதியைக் கற்றுக்கொண்டால் நீங்கள் இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட், அதாவது தொழில் சுகாதார நிபுணர், ஆகும் பாதையில் கால் வைத்துவிட்டீர்கள். எஞ்சினியரிங் படித்த சேஃப்டி ஆபீசர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். குரோமட்டோகிராமைக் கையில் கொடுத்தால் கடைசிப் பக்கத்தில் 'பாஸ்' என்று இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள்.

அளந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ரசாயனங்களுக்கான எட்டு மணி நேர வரம்புகள் இருந்தன. அம்மோனியா 25 பிபிஎம், குளோரின் 1, டொலுவீன் 100. அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச் டொலுவீனுக்குச் சொல்லும் அளவு 20தான். இரண்டுக்கும் நடுவே 60 என்று உங்கள் ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வீர்கள்? அந்த அட்டவணைப்படி குற்றமில்லை. ஆனால் சாயங்காலம் அந்த ஆபரேட்டர் தலைவலி என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. இதை மேனேஜ்மெண்டுக்குப் புரியவைத்து, மேன்ஹோலுக்கு மேல் உறிஞ்சு குழாய் போடப் பணம் வாங்குவதுதான் வேலை. மாஸ்க் கொடுத்துவிட்டு வருவது சுலபம். அபாயத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்றுப் பொருள் போடு, அதுவும் முடியாவிட்டால் எஞ்சினியரிங் தடுப்பு, பிறகு வேலை முறை, எல்லாம் போக மிச்சத்துக்குத்தான் மாஸ்க்கும் கிளவுஸும் என்ற வரிசையை எந்த இன்டர்வியூவிலும் கேட்பார்கள். எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். ஆலைக்குள் போனதும் கடைசியிலிருந்து தொடங்குவார்கள்.

அதே அட்டவணையில் மெத்தில் ஐசோசயனேட்டுக்கு வரம்பு 0.02 பிபிஎம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் கசிந்தது அதுதான். சட்டத்தில் ஆபத்தான செயல்முறைகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது 1987இல், அந்த இரவின் பின்விளைவாக. 1989இல் வந்த அபாயகர ரசாயன விதிகளும் அப்படியே. ஆன்சைட் எமர்ஜென்சி பிளான், மாக் டிரில் என்று உங்கள் கம்பெனியில் ஃபைல் ஃபைலாக அடுக்கியிருப்பார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. தொலைவில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2016 மே மாதமும் 2024 மே மாதமும் மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவ்லி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் ரசாயன ஆலைகள் வெடித்துச் சுற்றியிருந்த கட்டடங்களின் கண்ணாடிகள் நொறுங்கின. அங்கே கெமிஸ்ட்ரி தெரிந்தவர் தேவை. ஒரு ரியாக்ஷன் கை மீறுவதற்கு எவ்வளவு முன்னால் வெப்பநிலை அதைச் சொல்லிக் கொடுக்கும், கூலிங் நின்றால் எத்தனை நிமிடம் கையில் இருக்கிறது என்பதைக் கணக்குப் போடுவது ஹெல்மெட் எண்ணுகிறவரால் ஆகாது.

டொலுவீனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலை, ஏறக்குறைய 4 டிகிரி. மும்பையில் அப்படி ஒரு குளிர் என்றைக்கு வந்தது? ஆக வருடம் 365 நாளும் நம் ஊர் வெப்பத்தில் டிரம்மைத் திறந்தால் மேலே நிற்பது பற்றக்கூடிய ஆவி. அதே டொலுவீன் இருக்கும் ரியாக்டருக்குள் ஒருவர் மேன்ஹோல் வழியாக பாலித்தீன் பையிலிருந்து பவுடரைக் கொட்டுகிறார். பவுடர் பையை உரசிக்கொண்டு இறங்கும்போதே நிலைமின்சாரம் சேர்ந்துவிடும். ஒரு பொறி போதும். எர்த்திங் கிளாம்ப் போட்டாயா, நைட்ரஜன் ஓடுகிறதா, பை எந்த வகை என்று கேட்பவர்தான் அங்கே சேஃப்டி ஆபீசர், அவருடைய விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

ஸ்டோரில் எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதும் உங்கள் கெமிஸ்ட்ரி கேட்கும் இடம். 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா டாக்கில் வெடித்த கப்பலில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் சேர்ந்தே ஏறியிருந்தன. பஞ்சில் பிடித்த தீ வெடிமருந்துக்குப் போனது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் திரும்பவில்லை. நாடு முழுக்க ஏப்ரல் 14 தீயணைப்பு நாளாக இருப்பது அதனால். அமிலத்துக்குப் பக்கத்தில் சயனைடு வைக்கிற ஸ்டோர்கீப்பர் இன்றைக்கும் இருக்கிறார். வேறு இடம் இல்லை மேடம் என்பார்.

மேடம் என்று எழுதிவிட்டேன், ஆக அப்பாவின் கேள்விக்கும் வந்துவிடுகிறேன். நான் மும்பை கோலிவாடாத் தமிழச்சி. தானே-பேலாப்பூர் பெல்ட்டில் தொடங்கி இதே வேலையில் தலை நரைத்தவள். பெண் என்பதால் எந்த ஆபரேட்டரும் எனக்குக் கீழ்ப்படியாமல் இருந்ததில்லை. புரொடக்ஷன் மேனேஜர்கள்தான் ஆரம்பத்தில் கொஞ்சம் வேடிக்கை பார்த்தார்கள். நிஜமான தொல்லைகள் சின்னச் சின்னவை. ஐந்தாம் நம்பர் சேஃப்டி ஷூ ஸ்டோரில் இருக்காது. ஹார்னஸ் தோளில் நிற்காது. ரெஸ்பிரேட்டர் பெரிய முகத்துக்குச் செய்தது, ஓரத்தில் காற்று நுழையும். இதையெல்லாம் சகித்துக்கொள்ளாதீர்கள். பொருந்தாத ரெஸ்பிரேட்டர் போடுவதும் போடாததும் ஒன்று, எழுதிக் கேட்டு வாங்குங்கள். இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 6க்கு முன்னும் பெண்களை வேலையில் வைக்க அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. அப்பாவிடம் அந்த வரியைக் காட்டுங்கள். ஷிஃப்ட் கெமிஸ்ட்டாகப் போவதானால் இரவு ஷிஃப்ட் வரத்தான் செய்யும், அதை மறைக்காதீர்கள். கம்பெனி வண்டி வீட்டு வாசல் வரை வருமா, இல்லை ஹைவேயில் இறக்கிவிட்டுப் போகுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நாள் முழுக்க என்னதான் செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பாதி நாள் பெர்மிட்டில், அதாவது ஆபத்தான வேலைக்கு எழுத்தில் தரும் அனுமதியில், போகும். வெல்டிங் என்றால் ஹாட் வொர்க் பெர்மிட், தொட்டிக்குள் இறங்க கன்ஃபைன்ட் ஸ்பேஸ் பெர்மிட், உயரத்துக்கு ஒன்று. மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் ஐந்து நிமிடம். போய்ப் பார்த்துவிட்டுப் போட்டால் ஒரு மணி நேரம். தொட்டி என்றால் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் இறக்க வேண்டும். முதலில் ஆக்சிஜன், 19.5க்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். பிறகு பற்றும் ஆவி, அதற்குப் பிறகு நச்சு வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாடையே வரவில்லை மேடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 100 பிபிஎம் அளவிலேயே அது மூக்கை மரக்கச் செய்துவிடும். உள்ளே ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் போகிறவர் அடுத்து விழுவார். செப்டிக் டேங்க் மரணச் செய்திகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே இறப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

மீதி நேரத்தில் ஆட்களிடம் பேச்சு, ஃபைல், மீட்டிங். பேச்சுதான் முக்கியம். நான் பார்த்த ஒரு ஆலையில் பம்ப் ஒன்றைக் கழற்ற பெர்மிட் தயாராகிவிட்டது. வால்வு மூடி, பூட்டும் தொங்குகிறது. வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பேசும் டூல் பாக்ஸ் டாக் முடிந்து எல்லோரும் கலைகிறார்கள். ஓரத்தில் நின்ற ஃபிட்டர் மெதுவாக, 'யே வால்வ் பந்த் ஹோனே கே பாத் பீ ரோதா ஹை' என்றார். மூடினாலும் அழுகிற வால்வு. மெயின்டனன்ஸில் எல்லோருக்கும் அது தெரியும், ஒரு காகிதத்திலும் இல்லை. குழாய் இணைப்பான ஃப்ளாஞ்சில் பிளைண்ட் என்ற அடைப்புத் தகடு போட்ட பிறகுதான் வேலை தொடங்கியது. அரை ஷிஃப்ட் தாமதம், புரொடக்ஷனிலிருந்து நாலைந்து போன். அந்த ஃபிட்டர் பிஹார்க்காரர். அவரிடம் தினமும் ஹிந்தியில் நாலு வார்த்தை பேசி வைத்திருந்ததால் சொன்னார். மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருப்பது இதற்காகத்தான். நம் பிள்ளைகள் மும்பையிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் ஹிந்தியோடு நின்றுவிடுகிறார்கள். தலோஜா, பாதாள்கங்கா பக்கம் பழைய ஆபரேட்டர்கள் மராத்தியில்தான் மனதைத் திறப்பார்கள். மராத்தி கற்றுக்கொள்ளுங்கள். நெபோஷுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் துளிகூட அதற்குத் தேவைப்படாது.

கட்டுமானம் பக்கம் போகலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மும்பையில் மெட்ரோ, டனல், டவர் என்று வேலைக்குப் பஞ்சமில்லை, சீக்கிரம் எடுத்துக்கொள்வார்கள், கையும் சீக்கிரம் தேறும். ஆனால் சைட் முடிந்தால் வேலையும் முடிந்தது. அங்கே உங்கள் கெமிஸ்ட்ரிக்கும் வேலையில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் போக மாட்டேன்.

மாற்றல் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆலையில் சேஃப்டி கமிட்டி இருக்கும். லேப் பிரதிநிதியாகப் பெயர் கொடுங்கள். லேபின் எஸ்டிஎஸ் (ரசாயனப் பாதுகாப்புத் தகவல் தாள்) ஃபைலை எடுத்து, எந்தப் பாட்டில் எதனோடு சேரக்கூடாது என்று அலமாரிகளுக்கு ஒரு அட்டவணை போடுங்கள். ஆவியை உறிஞ்சும் ஃப்யூம் ஹுட்டின் காற்று வேகத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். நியர் மிஸ், அதாவது மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதுங்கள், உங்கள் பெயர் போட்டே. ஆறு மாதம் இப்படிச் செய்தால் சேஃப்டி ஹெட்டுக்கு உங்களை அடையாளம் தெரிந்துவிடும். அவர் துறையில் ஆள் தேவைப்படும்போது வெளியில் விளம்பரம் போடுவதற்கு முன் உங்களைத்தான் கேட்பார்.

பின்னால் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகும் நாள் வந்தால், அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: இங்கே சேஃப்டி ஆபீசர் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார்? மாநில விதிகளின்படி அவர் மூத்த அதிகாரி அந்தஸ்தில், ஆலையின் தலைமை நிர்வாகியின் நேரடிப் பொறுப்பில் இருக்க வேண்டும். அவருடைய கடமைக்கு முரணான வேறு வேலை எதையும் அவரிடம் ஒப்படைக்கக் கூடாது. புரொடக்ஷன் மேனேஜருக்குக் கீழே என்று பதில் வந்தாலோ, கேன்டீன், செக்யூரிட்டி, பஸ் எல்லாம் நீங்களேதான் பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாலோ, சம்பளம் எவ்வளவு சொன்னாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்.